மஸ்கெலியாவில் பங்குனி

தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றுகிறது.
உப்பு கட்டி தட்டாமல் விரலிடுக்கில் உதிர்கிறது.
நேற்றுத் துவைத்த காலுறை
நேற்றே காய்ந்துவிட்டது.
இதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.
வைகாசியில் யாரும் நம்பமாட்டார்கள்,
நான் உட்பட.

மத்தியானம் தகரக் கூரை
டிக், டிக் என்று நெட்டி முறிக்கிறது.
காகிதத்துக்கும் குரல் வந்துவிட்டது.
எட்டு மாதம் வதங்கிய வெற்றிலையாய்க் கிடந்த கொப்பி
இப்போது பக்கம் திருப்பினால்
அப்பளம்போல் நொறுங்கப் பார்க்கிறது.
பூஞ்சணம் துடைத்து,
செத்தல் மிளகாய்ச் சுளகுக்குப் பக்கத்தில்
மல்லாக்கப் போட்டிருக்கிறேன் நாவலை.

அதில் ஏழாம் அத்தியாயத்தில்
பூரணி என்று ஒருத்தி
கார்த்திகையிலிருந்து மழையில் நிற்கிறாள்,
பஸ் தரிப்பிடக் கூரைக்கு ஒரு முழம் வெளியே,
பூட்டு உடைந்த சூட்கேசோடு.
ஏறுவாளா, லயத்துக்குத் திரும்புவாளா,
இன்னும் நான் சொல்லவில்லை.
கண்டியிலிருந்து பதிப்பாளர் கேட்கிறார், முடிந்ததா?
முடியும் முடியும் என்கிறேன்
வாய் நிறைய மரத்தக்காளியோடு.

வெயிலில் உட்கார்ந்து மழை எழுத வரவில்லை.
வந்தாலும் பொய்யாய் வருகிறது,
பூவாளியால் ஊற்றியதுபோல்.

ஆகவே நடக்கிறேன்.
வெறுங்காலோடு, புல்லில்.
அட்டை என்றால் இந்த மாதம்
புத்தகத்துக்கு மேல் போடுவது மட்டும்தான்.
முள்முருங்கை இலையெல்லாம் கொட்டிவிட்டுச்
சிவப்பாய்ச் சிரிக்கிறது, கூச்சமே இல்லாமல்.
மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கி இறங்கி
கரை படிக்கட்டாகிவிட்டது.
போன ஆடியில் மீன் திரிந்த இடத்தில்
பையன்கள் விக்கெட் நட்டிருக்கிறார்கள்.
மூழ்கியிருந்த கோயில் சுவரில்
ஒருவன் கரித்துண்டால் ஓட்டம் குறிக்கிறான்.
நாற்பத்தொன்றுக்கு ஆறு.
பார்க்க நின்றேன். எட்டாவது விக்கெட் விழும்வரை
நாவலின் ஞாபகமே வரவில்லை.

இரவில் மின்வெட்டு.
அணையில் நீரில்லை என்கிறார்கள்.
பரவாயில்லை,
எதிரே சிவனொளிபாத மலைக்கு
அடியிலிருந்து உச்சிவரை
விளக்கால் முதுகெலும்பு போட்டிருக்கிறது.
அதைப் பார்த்துக்கொண்டே
இருட்டில் பாணும் கட்டசம்பலும் சாப்பிட்டேன்.
அவ்வளவு உறைப்பை மழைநாளில் உணர்ந்ததில்லை.

ஞாயிறு காலை சந்திரகாந்தி வந்தாள்,
தலைக்குக் குளித்த முடியை விரித்துக்கொண்டு.
"ஒங்களுக்கென்ன டீச்சர், வெயில் காயலாம்.
கொழுந்து இல்லன்னு
மூணு கிழமையா எங்களுக்கு அரைப்பேருதான்."

என்ன சொல்வது?
நான் ருசித்துக்கொண்டிருந்தது
அவள் சம்பளத்தில் பாதியை.
மரத்தக்காளி ஒன்றை நீட்டினேன்.
முறைத்துவிட்டு வாங்கினாள்.
வாங்கிவிட்டு உட்கார்ந்தாள், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து.
கண்ணை மூடி, கொஞ்ச நேரம், ஒன்றும் பேசவில்லை.
முடியிலிருந்து சீயக்காய் மணம் ஆவியாய்ப் போனது.

பிறகு, கொப்பியைப் பெருவிரலால் தள்ளிப் பார்த்து,
"அந்தப் பொம்பள இன்னுமா நிக்கிறா?
ஏறுறதோ போறதோ பொறவு பாத்துக்கலாம்,
மொதல்ல கூரைக்குள்ள வரச் சொல்லுங்க."

பேனாவைத் தேடினேன். மை உலர்ந்திருந்தது.

சோமதிலக்கவின் கடையில்
குடைகள் நேற்றே வாசலுக்கு வந்துவிட்டன,
கறுப்பாய், தலைகீழாய், வௌவால்போல்.
மாலைக்காற்றும் திசை மாறி வீசிப் பார்க்கிறது.
தெற்கு வளைவில் ஒரு முகில்,
கைக்குட்டை அளவு.
பார்க்காததுபோல் திரும்பி வந்தேன்.

ஏழாம் அத்தியாயம் திறந்தபடியே கிடக்கிறது.
எறும்பொன்று
மழையை நடுவாகக் கடக்கிறது, நனையாமல்.

இன்னும் இரண்டு வாரம் இருக்கும்.
மூன்றுகூட இருக்கலாம்.